எழுத்துரு மாற்றி இன்ஸ்டோல் ஆகேல்லை, "எரர் ரைட்டிங் டெம்பரரி ஃபைல்" எண்டு நிக்குது

கரவெட்டி ரைப்பிங்:

வணக்கம். நான் கரவெட்டியில வீட்டில இருந்து ரைப்பிங் செய்து குடுக்கிறனான். கூடுதலாக் கல்வெட்டுத்தான், இறந்தவரின்ர நினைவா 31ஆம் நாளுக்கு அச்சடிக்கிற புத்தகம். நெல்லியடியில ஒரு அச்சகம் வேலை தாறவை. பஞ்சபுராணம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்ச விருட்சம் எல்லாம் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சுக் குடுத்தால் அவை பக்கம் கட்டி அச்சடிப்பினம்.

இந்தமுறை வீட்டுக்காரர் மேலதிகமா ஒண்டு கேட்டிருக்கினம். பிள்ளையள் கனடாவிலயும் ஜேர்மனியிலயும். 31ஆம் நாளுக்கு எல்லாராலும் வர ஏலாது. போனில வாசிக்கிற மாதிரியும் ஒரு பிரதி வேணுமாம். பிடிஎஃப் அனுப்பினால் வயசான ஆக்களுக்கு எழுத்து சின்னனாத் தெரியுது, துண்டு துண்டா எடுத்து வட்ஸ்அப்பில போடவும் ஏலாது. பாமினியை அப்பிடியே அனுப்பினால் 'தமிழ்' எண்டு நான் அடிச்ச இடத்தில ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன்தான் அவைக்குத் தெரியும். எல்லாப் போனும் வாசிக்கிற பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாத்தாமல் வழியில்லை.

மாத்துறதுக்கு என்னட்ட ஒரு பழைய எழுத்துரு மாற்றி இருக்கு. முழு வேர்ட் பைலையும் பந்தி குலையாமல், எழுத்தளவு மாறாமல் மாத்தித் தரும். இணையத்தில இருக்கிறதுகள் வெறும் எழுத்தைத்தான் மாத்துது, பிறகு பந்தி பந்தியாத் திரும்பவும் ஒழுங்குபடுத்த வேணும். என்ர பழைய கொம்பியூட்டரில, விண்டோஸ் 7 இல, அது வடிவா ஓடினது. அந்த மெஷினின்ர போர்ட் போயிட்டுது. இப்ப இருக்கிறது மகள் கொழும்பில இருந்து கொண்டுவந்து தந்த லப்டொப், விண்டோஸ் 10. திறந்தால் 'அம்மா' எண்டு தமிழிலேயே பேர் வரும், அவதான் எல்லாம் பதிஞ்சு தந்தவ.

பென் டிரைவில இருக்கிற இன்ஸ்டோலரை டபுள் கிளிக் பண்ணினால் முதல் நீலப் பெட்டி வரும். 'மோர் இன்ஃபோ', 'ரன் எனிவே' எண்டு குடுத்து, அனுமதி கேட்க 'யெஸ்' எண்டும் குடுத்தால் ஒரு சின்னப் பெட்டி. மேல 'என்எஸ்ஐஎஸ் எரர்' எண்டிருக்கு. உள்ள 'எரர் ரைட்டிங் டெம்பரரி ஃபைல். மேக் ஷுவர் யுவர் டெம்ப் ஃபோல்டர் இஸ் வலிட்' எண்டிருக்கு. ஓகே குடுத்தால் அவ்வளவுதான், பெட்டி மறையும்.

சி டிரைவில இடம் நிறையக் கிடக்கு. டிஸ்க் கிளீனப்பும் ஓட்டிப் பாத்தன். யாழ்ப்பாணம் ரவுணில ஒரு கடையில கேட்க, போமட் பண்ணவேணும், விட்டிட்டுப் போங்கோ எண்டினம். கல்வெட்டு அச்சுக்குப் போற நேரத்தில மெஷினை விட்டிட்டு நான் என்ன செய்யிறது? ஆருக்கும் தெரிஞ்சால் சொல்லுங்கோ.

பருத்தித்துறைப் பெடியன்:

அக்கா, அன்ரிவைரஸை ஒருக்கா நிப்பாட்டிப்போட்டு ஓட்டிப் பாருங்கோ. சரிவராட்டி ரைட் கிளிக் பண்ணி 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்'. அதுக்கும் மசியாட்டி ப்ரொப்பர்ட்டீஸில கொம்பாட்டிபிலிட்டிக்குப் போய் விண்டோஸ் 7 எண்டு போடுங்கோ. கரண்ட் போன நேரத்தில இறக்கின பைலோ தெரியேல்லை, அரைகுறையா இறங்கியிருந்தாலும் இப்பிடி வரும்.

கரவெட்டி ரைப்பிங்:

தம்பி, அட்மினிஸ்ட்ரேட்டரும் விண்டோஸ் 7 உம் போட்டுப் பாத்தாச்சு, அதே பெட்டிதான். பைல் பழுதில்லை. இதே பென் டிரைவை பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர லப்டொப்பில செருக, உடனே இன்ஸ்டோல் ஆகீட்டுது. அதுவும் விண்டோஸ் 10 தான். எனக்கு விளங்காத இடம் அதுதான்.

கொக்குவில் திருத்துனர்:

அக்கா, போமட் பண்ணக் குடுக்காதேங்கோ. உங்கட லப்டொப்பில ஒரு பழுதுமில்லை. 'அம்மா எண்டு தமிழிலேயே பேர் வரும்' எண்டு எழுதினியள் பாருங்கோ, காரணம் அதுக்குள்ளதான் கிடக்கு.

இப்ப என்னட்ட இப்பிடி வாற மெஷின்கள் கூட. பிள்ளையள் தாய் தேப்பனுக்குத் தமிழில பேர் போட்டுக் குடுக்கினம். நல்ல விஷயம். 'தமிழில பேர் வைச்சால் இப்பிடித்தான்' எண்டு ஆரும் சொன்னால் எனக்கு உண்மையாவே கோவம் வரும். ஏனெண்டால் விண்டோசுக்கு அந்தப் பேரால ஒரு கரைச்சலும் இல்லை. விண்டோஸ் 2000 காலத்தில இருந்தே தமிழ் யூனிகோடு அதுக்குத் தெரியும். தெரியாமல் முழிக்கிறது அந்தப் பழைய இன்ஸ்டோலர்.

நடக்கிறது என்னெண்டு சொல்லுறன். இன்ஸ்டோலர் ஒரு பொட்டலம். ஓடத் தொடங்கினவுடன தன்ர சாமானை முதல் டெம்ப் போல்டரில அவிழ்த்து வைக்கும். அந்த டெம்ப் போல்டர் வழக்கமா உங்கட பேரிலுள்ள போல்டருக்குள்ள, ஆப்டேட்டா, லோக்கல் எண்டு உள்ள உள்ள போய்க் கிடக்கும். மகள் எக்கவுண்டைத் தொடங்கேக்க 'அம்மா' எண்டு தமிழில அடிச்சதால, சி டிரைவில யூசர்ஸுக்குள்ள போல்டரின்ர பேரும் 'அம்மா'. திறந்து பாருங்கோ, தமிழிலேயே இருக்கும்.

பழைய புரோகிராமுகள் யூனிகோடால பைல் பேரை வாசிக்காது. ஒவ்வொரு மொழிக்கும் முந்தி ஒரு எழுத்து அட்டவணை இருந்தது, மேற்கு ஐரோப்பாவுக்கு ஒண்டு, ரஷ்யனுக்கு ஒண்டு, அரபுக்கு ஒண்டு எண்டு. அந்த அட்டவணைக்குள்ளாலதான் அதுகள் பாக்கும். தமிழுக்கு அப்பிடியொரு அட்டவணை விண்டோசில ஒருநாளும் இருந்ததில்லை. சிங்களத்துக்கும் இல்லை. அட்டவணையில இல்லாத எழுத்து வந்தால் அதுக்குப் பதிலா ஒரு கேள்விக்குறி விழும். 'அம்மா' எங்கட கண்ணுக்கு மூண்டு எழுத்து. யூனிகோடில அது அ, ம, புள்ளி, ம, அரவு எண்டு ஐஞ்சு. அப்ப இன்ஸ்டோலர் தேடுறது ஐஞ்சு கேள்விக்குறி எண்ட பேரிலுள்ள ஒரு போல்டரை. பைல் பேரிலயும் போல்டர் பேரிலயும் கேள்விக்குறி வைக்க விண்டோஸ் விடாது, ஆகவே அப்பிடியொரு போல்டர் இருக்கவே ஏலாது. எழுத இடமில்லாமல் அது கையை விரிக்குது. பெட்டியில சொன்னதும் அதைத்தான்: டெம்ப் போல்டர் சரியோ எண்டு பாருங்கோ எண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர எக்கவுண்ட் ஆங்கில எழுத்தில இருக்கும், அதால அங்க ஒண்டும் நடக்கேல்லை.

'என்எஸ்ஐஎஸ்' எண்டு நீங்கள் குறிச்சது பெரிய உதவி. அது இன்ஸ்டோலர் கட்டுற ஒரு கருவி. யூனிகோடு அதுக்கு வந்தது 2016 இல, 3.0 பதிப்போட. அதுக்கு முதல் கட்டின பொட்டலங்களில பெரும்பாலும் இந்தக் கரைச்சல் இருக்கும்.

தம்பி சொன்னதில ஒண்டு: அரைகுறையா இறங்கின பைல் எண்டால் இதே கருவி வேற வசனம் காட்டும், 'இன்டெக்ரிட்டி செக் ஹாஸ் ஃபெயில்ட்' எண்டு வரும். அது வந்தால் திரும்ப இறக்கத்தான் வேணும். இங்க அது வரேல்லை. கொம்பாட்டிபிலிட்டியில விண்டோஸ் 7 எண்டு போட்டாலும் எழுத்து அட்டவணை மாறாது. அன்ரிவைரஸை நிப்பாட்டாதேங்கோ. பழைய பென் டிரைவ், பல மெஷின் கண்டது. நிப்பாட்டுறதுக்குப் பதிலா அந்த பைலை ரைட் கிளிக் பண்ணி விண்டோசோட வாற அன்ரிவைரஸான டிஃபெண்டரால ஒருக்கா ஸ்கேன் பண்ணிப்போட்டு ஓட்டுங்கோ.

இப்ப வேலை. சி டிரைவைத் திறந்து அதிலேயே புதுசா ஒரு போல்டர் போடுங்கோ. பேர் டி, இ, எம், பி, நாலு ஆங்கில எழுத்து. பிறகு ஸ்டார்ட்டை அமத்தி 'என்வைரன்மென்ட்' எண்டு ஆங்கிலத்தில அடிக்க ரெண்டு வரி வரும். 'சிஸ்டம்' எண்டு இருக்கிறதை விட்டிட்டு 'ஃபோர் யுவர் எக்கவுண்ட்' எண்டு முடியிறதை எடுங்கோ. மேல் பெட்டியில 'டெம்ப்' எண்டு ஒண்டும், 'டிஎம்பி' எண்டு ஒண்டும் நிக்கும். ரெண்டையும் ஒவ்வொண்டாத் தெரிஞ்சு, 'எடிட்' குடுத்து, இருக்கிற பாதையை அழிச்சுப்போட்டு, நீங்கள் இப்ப போட்ட போல்டரின்ர பாதையைக் குடுங்கோ. ஒண்டை மட்டும் மாத்தினால் காணாது. ஓகே குடுத்து, ஒருக்கா சைன் அவுட் பண்ணித் திரும்ப வந்து இன்ஸ்டோலரை ஓட்டுங்கோ.

போமட் விஷயம் ஒண்டு சொல்லாமல் விட மனமில்லை. போமட் பண்ணிக் குடுத்திருந்தாலும் மகள் திரும்ப 'அம்மா' எண்டு தமிழில போட்டிருப்பா, திரும்ப இதே பெட்டி வந்திருக்கும். காசும் போய், அடிச்சு வைச்ச கல்வெட்டுகளும் போயிருக்கும். எரர் வந்தால் அதை ஒரு சொல்லு விடாமல் எழுதிக் கொண்டுவாங்கோ எண்டு நான் வாற ஆக்கள் எல்லாரிட்டயும் கெஞ்சிக் கேட்கிறனான். நீங்கள் எழுதினபடியால்தான் மெஷினைக் காணாமலே எனக்குச் சொல்ல முடிஞ்சது.

வல்வெட்டி நெற்:

இதைவிடச் சுகமான வழி இருக்கு. விண்டோசின்ர உள் அமைப்புகள் எழுதியிருக்கிற ரெஜிஸ்ட்ரியில ப்ரொஃபைல் லிஸ்டுக்குப் போய்ப் பாதையை மாத்தி, 'அம்மா' போல்டரையும் ஆங்கிலத்தில ரீநேம் பண்ணிவிடலாம். அது பயமெண்டால் ரீஜன் செட்டிங்ஸில 'பீட்டா: யூஸ் யூனிகோடு யூடிஎஃப்-8' எண்டு ஒரு கட்டம் இருக்கு, அதில ஒரு டிக். ரீஸ்டார்ட் பண்ணினால் முடிஞ்சுது.

கொக்குவில் திருத்துனர்:

ரெண்டும் இருக்கிற வழிதான். ஆனால் வீட்டில வேலை செய்து உழைக்கிற ஒராளின்ர மெஷினில ரெண்டையும் நான் செய்யமாட்டன்.

ரெஜிஸ்ட்ரியில பாதையை மாத்தினால், பழைய பாதையை ஏற்கனவே எழுதி வைச்சிருக்கிற மற்றப் புரோகிராமுகள் ஒவ்வொண்டாத் தடுமாறும். ஒரு எழுத்துப் பிழைச்சால் அடுத்தமுறை திறக்கேக்க விண்டோஸ் ஒரு தற்காலிக ப்ரொஃபைலைத் தரும், டெஸ்க்டொப் வெறுமையாக் கிடக்கும். பைல்கள் உள்ளதான் இருக்கும், ஆனால் அதைக் காணுற அக்காவின்ர நெஞ்சு என்ன பாடுபடும் எண்டு யோசியுங்கோ.

யூடிஎஃப்-8 கட்டம் 2018 இல விண்டோஸ் 10 க்கு வந்தது. அது ஒரு புரோகிராமுக்கு மட்டும் இல்லை, முழு மெஷினுக்கும். ஒரு எழுத்துக்கு ஒரு பைட் எண்டு நம்பி எழுதின பழைய புரோகிராமுகள் அதில குழம்பும். பாமினி பெரும்பாலும் சாதாரண ஆங்கில விசைகளிலதான் நிக்குது. டிஸ்கி மாதிரியான எழுத்துருவில அடிச்ச பழைய பைல்கள் அப்பிடியில்லை, அதில தமிழ் எழுத்தெல்லாம் எழுத்து அட்டவணையில ஆங்கிலத்துக்கு அப்பால, 128 க்கு மேலுள்ள இடங்களில. பழைய மாற்றிகள் அதைத் தாறுமாறா வாசிக்கக்கூடும். எழுத்துரு மாத்துறதையே தொழிலா வைச்சிருக்கிற ஆளுக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

கரவெட்டி ரைப்பிங்:

அண்ணை, இன்ஸ்டோல் ஆகீட்டுது! டெம்பும் டிஎம்பியும் மாத்தி, சைன் அவுட் பண்ணித் திரும்ப வந்து ஓட்ட ஒரு சத்தமும் இல்லாமல் ஏறீட்டுது.

ஆனால் இப்ப வேறொண்டு. புரோகிராம் திறக்குது, பைலை மாத்தச் சொன்னால் சேமிக்க ஏலாது எண்டு ஒரு பெட்டி. அதில சி, யூசர்ஸ், பிறகு நீங்கள் சொன்ன அதே ஐஞ்சு கேள்விக்குறி, டொக்யூமென்ட்ஸ் எண்டு கிடக்கு. எண்ணிப் பாத்தன், சரியா ஐஞ்சு.

கொக்குவில் திருத்துனர்:

அது இன்ஸ்டோலரை விட்டிட்டு இப்ப புரோகிராமுக்குள்ள வந்திருக்கு. மாத்தின பைலை அது உங்கட டொக்யூமென்ட்ஸிலதான் வைக்கப் பாக்குது, டொக்யூமென்ட்ஸும் 'அம்மா'வுக்குள்ள. இண்டைக்கு அவசரமெண்டால் சி டிரைவில இன்னொரு போல்டரை ஆங்கில எழுத்தில போட்டு, கல்வெட்டுப் பைலை அதுக்குள்ள வைச்சு, பைலின்ர பேரையும் ஆங்கில எழுத்தில மாத்தி, சேமிக்கிற இடமாயும் அதையே காட்டுங்கோ. வேலை நடக்கும்.

அச்சு வேலை முடிஞ்சாப்பிறகு, ஆறுதலா, நிரந்தரமா ஒண்டு செய்யுங்கோ. புதுசா ஒரு லோக்கல் எக்கவுண்ட், பேரை 'அம்மா' எண்டு ஆங்கில எழுத்தில அடிச்சு. அதுக்குள்ள ஒருக்கா சைன் இன் பண்ணுங்கோ, அந்த முதல் சைன் இன்னிலதான் போல்டர் உண்டாகும். பிறகு கொன்ட்ரோல் பேனலில யூசர் எக்கவுண்ட்ஸுக்குப் போய் காட்டுற பேரைத் தமிழில 'அம்மா' எண்டு மாத்துங்கோ. காட்டுற பேர் மாறினாலும் போல்டரின்ர பேர் மாறாது. உள்ளுக்கு ஆங்கிலம், திறக்கேக்க தமிழில அம்மா. மகள் ஆசைப்பட்டு வைச்ச பேரை எடுக்கத் தேவையில்லை.

ஒரு இடம் கவனம். புது எக்கவுண்டை அட்மினிஸ்ட்ரேட்டர் எண்டே போடுங்கோ. ஸ்டாண்டர்ட் எண்டு விட்டால், இன்ஸ்டோல் பண்ணேக்க பழைய 'அம்மா'வின்ர பாஸ்வேர்டைக் கேட்கும், குடுத்தவுடன இன்ஸ்டோலர் அவவின்ர பேரிலதான் ஓடும். டெம்ப் போல்டரும் அவவின்ரதான். இப்ப நீங்கள் அந்த எக்கவுண்டில பாதையை மாத்தியிருக்கிறபடியால் பெட்டி வராது, ஆனால் மாத்தாத மெஷின்களில ஆக்கள் இதில மாட்டுப்பட்டு, 'புது எக்கவுண்டிலயும் சரிவரேல்லை' எண்டு என்னட்ட வாறவை.

விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொஃப்ட் 2025 அக்டோபர் 14 ஓட பொதுவான ஆதரவை நிப்பாட்டினது. மகள் அடுத்தமுறை வரேக்க 11 க்கு ஏத்த ஏலுமோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ.

உரும்பிராய் ஒப்புநோக்கி:

பிள்ளை, மெஷின் சங்கதி எனக்குத் தெரியாது. ஆனால் பாமினியில இருந்து மாறி வாற எழுத்தைக் கனகாலமா ஒப்புநோக்கிறவன், அதால ஒரு சொல்லு. மாத்தினவுடன அனுப்பிப்போடாதையுங்கோ.

பாமினியில 'ள' எழுத்துக்கும் ஔகாரக் குறியின்ர பின்பாதிக்கும் ஒரே விசைதான். கொம்பு, வ, ள எண்டு நீங்கள் அடிச்சது 'வெள' வோ 'வௌ' வோ எண்டு மாற்றிக்குத் தெரியாது. கனக்க மாற்றிகள் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரமாச் சேர்த்துவிடும். வெள்ளிக்கிழமை 'வௌ்ளிக்கிழமை' ஆகும், வெளிநாடு 'வௌிநாடு' ஆகும், தெளிவு 'தௌிவு' ஆகும். சில போனில கண்ணுக்குப் பிழை தெரியாது, சிலதில நடுவில புள்ளி வட்டம் விழும். கல்வெட்டில நாள், கிழமை, வெளிநாட்டில இருக்கிற பிள்ளையளின்ர விபரம் எல்லாம் வரும், ஆகவே இது கட்டாயம் விழுந்திருக்கும்.

தேட ஒரு வழி: ஔகாரக் குறிக்குப் பின்னால புள்ளியோ விசிறியோ வேறு எந்தக் குறியோ நேரே ஒட்டி நிண்டால் அது நிச்சயம் பிழை. தமிழில ஒரு எழுத்துக்கு ரெண்டு உயிர்க்குறி கிடையாது. வேர்டில 'வௌ' எண்டு தேடிப் பாருங்கோ. வௌவாலைத் தவிர வாற எல்லாமே பெரும்பாலும் 'வெள' தான். 'கௌ', 'சௌ', 'மௌ' எண்டு வாறதை மொத்தமா மாத்தவேண்டாம், கௌரி, சௌந்தரி, மௌனம் எல்லாம் சரியான சொற்கள், ஒவ்வொண்டாப் பாத்துத்தான் விடவேணும். சில மாற்றிகள் மறுவளமா 'கெளரி' எண்டு பிரிச்சுப் போடும். கண்ணுக்கு ஒண்டுபோலத்தான் இருக்கும், ஆனால் பின்னால ஆரும் அந்தப் பேரைத் தேடினால் அம்பிடாது.

இதை ஏன் இவ்வளவு சொல்லுறன் எண்டால், கல்வெட்டு ஒரு குடும்பத்தின்ர வரலாறு. அடுத்த தலைமுறை தங்கட பூட்டனின்ர பேரை அதிலதான் தேடப்போகுது. 2005 இல தொடங்கின நூலகம் இணைய நூலகம் நினைவு மலர்களையும் சேர்க்குது. வீட்டுக்காரருக்குச் சம்மதமெண்டால் ஒரு பிரதி அங்கயும் போகட்டும்.

கரவெட்டி ரைப்பிங்:

ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே தேடினன். வெள்ளிக்கிழமை, வெள்ளவத்தை முகவரி, வெளிநாடு, எல்லாத்திலயும் கிடந்தது. மருமகளின்ர பேர் கௌரி, அது தப்பீட்டுது. கல்வெட்டில வாற திருப்பொற்சுண்ணப் பாட்டையும் வரி வரியாப் பாத்துத் திருத்தினாப்பிறகுதான் கனடாவுக்கு அனுப்பினன், போனில வடிவா வாசிக்க ஏலுதாம். நூலகத்துக்குக் குடுக்க மூத்த மகன் ஓமெண்டிட்டார்.

அண்ணை, மகள் போனில சொல்லச் சொல்ல புது எக்கவுண்டும் போட்டாச்சு, அட்மினிஸ்ட்ரேட்டராத்தான். திறக்கேக்க தமிழில 'அம்மா' எண்டுதான் வருது. ஒண்டு மட்டும்: அதில வேர்டைத் திறந்தால் பாமினி எழுத்துருவைக் காணேல்லை. பழைய எக்கவுண்டில இருக்கு.

கொக்குவில் திருத்துனர்:

எழுத்துரு பைலை டபுள் கிளிக் பண்ணி 'இன்ஸ்டோல்' குடுத்தால் விண்டோஸ் 10 அதை அந்த ஒரு எக்கவுண்டுக்கு மட்டும்தான் போடும். பென் டிரைவில இருக்கிற பாமினி பைலை ரைட் கிளிக் பண்ணி 'இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ்' எண்டதைக் குடுங்கோ. வேர்ட் திறந்திருந்தால் மூடித் திறவுங்கோ, வந்திடும். பழைய எக்கவுண்டை இப்ப அழிக்காதேங்கோ. டெஸ்க்டொப், டொக்யூமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூண்டிலயும் இருக்கிறதைப் புதுசுக்கு மாத்தி, அடுத்த கல்வெட்டு ஒண்டைப் புது எக்கவுண்டிலேயே முழுசா அடிச்சு முடிச்சாப்பிறகு அழிக்கலாம்.